என்னைச் சுற்றி ஆடினாள்

15.6.2008, ஞாயிறு

இன்றைக்கும் கரண்ட் இல்லை. பனியன் கம்பெனி என்றால் ஜெனரேட்டர் ஓடும், லைன் வீட்டுக்கு யார் ஓட்டுவது? அனு துவைக்கிற கல்மேல் ஏறி நின்று ஆடிக்கொண்டிருக்கிறாள். இறங்குடி என்றால் இறங்கமாட்டேன் என்கிறாள். தலைகால் புரியவில்லை அவளுக்கு. நேற்றுக் கோயம்புத்தூரில் நடந்த தேர்வில் டிவிக்காரர்கள் அவளை எடுத்துவிட்டார்கள். குழந்தைகள் ஆட்டப் போட்டி. இனிச் சென்னைக்குப் போய்ப் போய் வர வேண்டும்.

இவர் பரோட்டா வாங்கி வந்து லைன் முழுக்கக் கொடுத்தார். நாளெல்லாம் ஓவர்லாக் மிஷினில் குனிந்து கிடக்கிற மனுஷன், இன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார். "தேனிப் பக்கத்துல எவன் பிள்ள டிவியில வந்துருக்கு? இந்தக் காசிமாயன் பிள்ள வரப்போறா, பாத்துக்க!" என்று என்னிடமே வந்து சொல்கிறார், நான் ஏதோ பக்கத்து வீட்டுக்காரி போல.

வீட்டுக்காரம்மா பொன்னாத்தாள் வந்து அனுவின் கன்னத்தைக் கிள்ளினார். "இந்த ஆட்டமெல்லாம் எங்கிருந்துங் கண்ணு வந்துச்சு? உங்க பக்கமா, அவிய பக்கமா?" என்று என்னைக் கேட்டார். சிரித்து வைத்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் சிரித்து வைத்தே பழகிவிட்டது.

29.6.2008, ஞாயிறு

இங்கே திருப்பூர் ராயபுரத்தில் டான்ஸ் கிளாஸ். மாஸ்டர் ராபின் நல்ல பையன், நாகர்கோவில் பக்கம், எல்லோரையும் அக்கா என்பான். இன்றைக்கு அனு ஆடியதை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தான். "எக்கா, இது எந்த ஊரு ஸ்டெப்பு? ஒரு காலத் தேய்ச்சு, ஒரு காலத் தூக்கி, சாஞ்சுக்கிட்டே வட்டமா வாராளே!"

நான் வாயைத் திறக்குமுன் அனு முந்திக்கொண்டாள். "அம்மா ஊட்ல ஆடுவாங்க மாஸ்டர். செக்கிங் டேபிள்ல நின்னு கால் கடுத்துச்சுன்னா இப்படித்தான் ஆடுவாங்க."

அது நான் தெரிந்து ஆடுவது இல்லை. அரிசி களையும்போது, அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது, கால் தானாகப் போகும். மலையில் எங்கள் ஊரைப் பதி என்போம், அங்கே சாவு விழுந்தால் குழலும் பறையும் வைத்து, பிணத்தைச் சுற்றி ஆணும் பெண்ணும் ஆடுகிற ஆட்டம் அது. உயிர் கிளம்பி வழி பார்த்துப் போவதற்காக ஆடுவது. உயிரோடு இருக்கிற ஆளைச் சுற்றி யாரும் அந்தக் காலை வைக்கமாட்டார்கள். சின்னப் பிள்ளைகள் விளையாட்டுக்கு வைத்தால்கூட முதுகில் விழும். திருப்பூர் வந்தபிறகு நான் பதிக்குப் போனதெல்லாம் சாவுக்குத்தான். அதனால் என் காலுக்கு அது ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது.

"அது வேண்டாம் தம்பி" என்றேன். "ஏங்க்கா?" என்றான். என்ன சொல்வேன்? சாவு ஆட்டம் என்றால் எந்த ஊர்ச் சாவு என்பான். ஊரைச் சொன்னால் யார் என்பான். நான் இருளச்சி என்று இவரைத் தவிர இந்தத் திருப்பூரில் ஒருத்தருக்கும் தெரியாது. அனுவுக்கே தெரியாது. ஆனைகட்டிப் பக்கம் என்பேன், கேரளாவை ஒட்டி, மலையாளத்துக்காரி என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். அண்ணன் வந்து எங்கள் பேச்சில் பேசினால் அனு அதை மலையாளம் என்று நினைக்கிறாள். இருக்கட்டுமே! முதன்முதலில் தங்கிய ஹாஸ்டலில், மலைக்காரங்க குளிக்கமாட்டாங்க, பாம்பு தின்பாங்க என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள் நடுவில் படுத்துத் தூங்கியவள் நான். என் பிள்ளைக்கு அது வேண்டாம்.

6.7.2008

ராபின் அந்த ஸ்டெப்பை வைத்தே தீருவேன் என்கிறான். சனியன், நான் வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன்.

20.7.2008, ஞாயிறு

ரயிலில் எழுதுகிறேன்.

இந்த வாரச் சுற்றுக்குப் பெயர் காட்டுவாசி ரவுண்டு. பச்சை பிளாஸ்டிக் இலையில் பாவாடை, தலையில் சாயம் போட்ட கோழி இறகு, கழுத்தில் எலும்பு மாலை. மேக்கப் போடும் பெண் அனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் கறுப்பு வேணும்" என்று கை, கால், முகம் எல்லாம் கரியைக் கரைத்துப் பூசினாள். பிள்ளையின் பல்லும் கண்ணும் மட்டும் தெரிந்தது.

கதை என்னவென்றால், ஷூ போட்ட ஒருத்தன் காட்டுக்கு வருகிறான். காட்டுவாசிகள் அவனைப் பிடித்துக் கட்டிப்போடுகிறார்கள். பெரிய அண்டா, அடியில் சிவப்பு லைட். அவனை வேகவைத்துத் தின்னப் போகிறார்களாம். ஹூ ஹூ என்று வாயில் அடித்துக்கொண்டு குதிக்கிறார்கள். கடைசியில் ராபின் எங்கள் காலை வைத்தான். என் மகள், எங்கள் சாவுக் காலை வைத்து, அண்டாவில் உட்கார்ந்து சிரிக்கிற ஒருத்தனைச் சுற்றி வந்தாள்.

நடுவர்கள் மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அனுவுக்குத்தான் முதல் மார்க்கு. மேக்கப் பெண் என் தோளைத் தட்டி, "உங்க பொண்ணுக்கு எப்படிங்க இவ்வளவு நேச்சுரலா வருது?" என்றாள்.

அடிப்பாவி. எனக்குச் சிரிப்பும் வந்தது, காறித் துப்பவும் வந்தது.

பாத்ரூமில் அனுவைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். "வலிக்குதும்மா, போதும்மா, அது என் கலருதாம்மா" என்று கத்தினாள்.

3.8.2008, ஞாயிறு

டிவியில் போட்டார்கள். லைன் மொத்தமும் பொன்னாத்தாள் வீட்டு ஹாலில். அனுவை நடுவில் உட்கார வைத்து முறுக்கு கொடுத்தார்கள். அண்டாக் காட்சி வந்ததும் ஒரே சிரிப்பு. பொன்னாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அசலு மலைச்சாதிச் சனமாட்டவே ஆடுதுங்க நம்ம பாப்பா!" என்றார். நல்ல மனுஷிதான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர். அந்தக் கை கொடுத்த முறுக்கை இன்றைக்கு என்னால் மெல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் கத்தினேன். "எங்களத்தான் ஆளத் திங்கறவங்கன்னு அண்டா வச்சுக் காட்டறாங்க, தெரியுதா உங்களுக்கு?" "ஏ புள்ள, அது சும்மா டிவிக்கு. பிள்ள செயிச்சுக்கிட்டு வாரா, வாயக் கட்டிக்கிட்டுக் கிட" என்றார். பிறகு மெதுவாக, "ஒன்ன யாரு சொன்னா?" என்றார். அதுதானே. என்னை யாரும் சொல்லவில்லை.

5.8.2008, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் வெள்ளிங்கிரி போன் செய்தான். செங்கல் சூளையிலிருந்து பேசினான். கவர்மெண்ட் கொடுத்த கலர் டிவி போன மாசம்தான் பதிக்கு வந்ததாம். கரண்ட் இருக்கிற நாலு வீட்டில் வைத்துப் பதியே பார்க்கிறதாம்.

"பாத்தோம் மருதா" என்றான்.

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

"அய்யன் முன்னாடி உக்காந்திருந்தாரு. பேத்தி வர்றான்னு எல்லாத்தையும் கூப்பிட்டு உக்கார வச்சதே அவருதான். அந்தக் காலைப் பாத்ததும் எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. சோறு திங்கல."

அப்புறம் சொன்னான், பதியில் பிள்ளைகள் எல்லாம் இப்போது அடுப்புக் கரியைப் பூசிக்கொண்டு வாயில் அடித்து ஹூ ஹூ என்று ஓடுகிறார்களாம். அவனுடைய பையன் ஒரு தட்டான் பூச்சியைப் பிடித்துச் சட்டியில் போட்டுச் சுற்றி ஆடினானாம். "நாம இப்படித்தான் இருந்தமாப்பான்னு என்னையக் கேக்கறான்."

மத்தியானத்துக்கு மேல் நான் பார்த்த பீஸில் எத்தனை டேமேஜ் தப்பிப் போனதோ. சூப்பர்வைசர் கத்தினான். கத்தட்டும்.

17.8.2008, ஞாயிறு

அண்ணன் வந்துவிட்டான். சொல்லாமல் கொள்ளாமல், பல்லடம் பஸ்ஸில் ஏறி, இறங்கி, விசாரித்து. வெள்ளைச் சட்டை, பேண்ட், எண்ணெய் தேய்த்த தலை. கட்டிலில் உட்கார்ந்து அனுவைக் கூப்பிட்டான்.

"கண்ணு, நீ டிவியில ஆடினயே, அது யாரு?"

"காட்டுவாசி மாமா."

"அது நாந்தான் கண்ணு. உங்கம்மாவுந்தான். இருளருன்னு சொல்லுவாங்க."

நான் அடுப்படியில் நின்றிருந்தேன். தடுத்திருக்கலாம். ஓடிவந்து அவன் வாயைப் பொத்தியிருக்கலாம். அடுப்பில் இருந்த பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அனு அவனை மேலும் கீழும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "மாமா, நீங்க மனுசனத் திம்பீங்களா?"

அண்ணன் சிரிப்பான் என்று நினைத்தேன். அழுதுவிட்டான். நாற்பது வயசு ஆம்பளை, என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, பிள்ளை முன்னால். நாசமாப் போக அந்த அண்டா, அந்த லைட்டு, எல்லாம்.

அவன் போனபின் அனு என் பக்கத்தில் வரவே இல்லை. வெகுநேரம் கழித்து, "அப்ப ஏம்மா எங்கிட்டச் சொல்லல? அது அசிங்கமா?" என்றாள். இல்லை கண்ணு என்றேன். "அப்ப ஏன் சொல்லல?" எழுந்து போய் அவளுக்குச் சோறு போட்டேன்.

31.8.2008, ஞாயிறு

சென்னையில் அனு வாயை அடக்கவில்லை. நிகழ்ச்சியைப் பார்த்துக்கொள்கிற சித்ராதேவி மேடத்திடம் போய், "நாங்க நெஜமாவே இருளர்தான் மேடம். அவங்க மனுசனத் திங்கமாட்டாங்க. நீங்க தப்பாக் காட்டிட்டீங்க" என்று சொல்லியிருக்கிறாள். எட்டு வயசு! எனக்கு இல்லாத தைரியம் எங்கிருந்து வந்தது அவளுக்கு?

அந்த மேடம் கோபப்படவில்லை. கண்ணெல்லாம் மின்ன என்னிடம் ஓடிவந்தார். "ஏம்மா, இதை முதல்லயே சொல்றதில்லையா? எவ்வளவு பெரிய ஸ்டோரி இது!" இறுதிச் சுற்றில் அனு எங்கள் நிஜ ஆட்டத்தையே ஆட வேண்டுமாம். நான் மேடைக்கு வந்து எங்களைப் பற்றிப் பேச வேண்டுமாம். மாட்டேன் என்றால் வேறு பிள்ளையை எடுத்துக்கொள்வார்களாம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ரயிலில் அனு கெஞ்சினாள். "அம்மா, நெஜமா எப்படின்னு காட்டலாம்மா. அப்ப மாமா அழமாட்டாருல்ல?"

அதற்காகத்தான் சரி என்றேன். வேறு எதற்காகவும் இல்லை.

7.9.2008

மேடத்திடம் போனில் எல்லாம் விளக்கிச் சொன்னேன். இது சாவு ஆட்டம், உயிருள்ள ஆளைச் சுற்றி ஆடக் கூடாது, ஒரு வெறும் கட்டிலைப் போட்டு மாலை வையுங்கள் என்றேன். "ஓ! சாவா? வாவ்" என்றார். கட்டில் போட்டுவிடலாம் என்று வாக்குக் கொடுத்தார். நான் என்ன பேச வேண்டும் என்பதைத் தாளில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். நாங்கள் படித்தவர்கள் இருக்கிறோம், வேலைக்குப் போகிறோம், எங்களுக்குச் சாமி இருக்கிறது, பேச்சு இருக்கிறது. இவர் கேட்டுவிட்டு, "நல்லாப் பேசுற புள்ள" என்றார். அவருடைய அம்மாவுக்குத் தெரியவரப் போகிறதே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மட்டில் என் வீட்டுக்காரர் தங்கம்.

14.9.2008, ஞாயிறு

கட்டில் இல்லை.

செட்டில் போய் நின்றால் கட்டில் இல்லை. மேடத்தைக் கேட்டால், "வெறும் கட்டில் பாக்க ஒண்ணுமே இல்லம்மா. நீங்களே உக்காருங்க. பொண்ணு அம்மாவச் சுத்தி ஆடினா எல்லாரும் அழுதுருவாங்க." முடியாது என்றேன். செத்தாத்தான் சுத்துவாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே, உங்கம்மாவ உக்கார வச்சுச் சுத்துவீங்களா என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லைட் போட்டாயிற்று, கேமரா தயார். அந்தப் பக்கம் அனு நின்றிருந்தாள். சொன்னபடி இலை, இறகு எதுவும் இல்லை, சாதாரணப் பாவாடை சட்டை. என்னைப் பார்த்து வா, வா என்று கையைக் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து முகத்தில் கரி பூசினார்கள். எனக்கு! இருளச்சிக்குக் கரி! சேலையைப் பிரித்து நான் பிறந்ததிலிருந்து கட்டாத ஏதோ ஒரு விதமாகக் கட்டிவிட்டார்கள். எழுந்து போயிருக்கலாம். போனால் பிள்ளை அந்த லைட்டில் தனியாக நிற்பாள்.

உட்கார்ந்தேன். அனு ஆடினாள். எப்பேர்ப்பட்ட ஆட்டம்! ஒரு கால் பிசகவில்லை. எங்கள் பதியில் பெரிய ஆட்டக்காரர்கள் வந்து நின்றாலும் குறை சொல்ல முடியாது. என் வயிற்றில் பிறந்தது என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் பயந்தேனா, பெருமைப்பட்டேனா? இரண்டும்தான். அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுதி வைத்ததில் பாதிதான் பேசினேன்.

28.9.2008, ஞாயிறு

ஒளிபரப்பினார்கள். நான் பேசியதில் "எங்களுக்குச் சாமி இருக்கு" என்பது மட்டும் இருந்தது. மீதியெல்லாம் வெட்டு. அதற்குப் பதில் ஆந்தைச் சத்தம், யானைச் சத்தம், திரையைச் சுற்றித் தீ எரிகிறது. கீழே எழுத்து ஓடுகிறது: "காட்டிலிருந்து மேடைக்கு". திருப்பூரிலிருந்து ரயிலில் போனோம் நாங்கள். அனுவுக்கு இரண்டாம் பரிசு.

பொன்னாத்தாள் வீட்டில் இன்றைக்கு யாரும் முறுக்கு கொடுக்கவில்லை.

30.9.2008

செக்கிங் டேபிளில் எனக்குப் பக்கத்தில் நின்றவள் தன் தண்ணீர் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். அயர்ன் செக்‌ஷன் பையன்கள் நான் நடந்தால் ஹூ ஹூ என்கிறார்கள். போய் ஒருத்தன் சட்டையைப் பிடித்தேன். அதற்குச் சூப்பர்வைசர் என்னைத்தான் ஏசினான். "பாத்தியா, மலைப் புத்தி" என்றான். பள்ளிக்கூடத்தில் அனுவுக்கு என்ன நடந்ததோ, சொல்லமாட்டேன் என்கிறாள். டான்ஸ் கிளாஸுக்கு வரவில்லை என்கிறாள்.

5.10.2008, ஞாயிறு

அண்ணன் பேசினான். எழுதினால்தான் என் மண்டைக்குள் இறங்கும்.

பதியில் மூப்பன் எல்லோரையும் கூட்டிப் பேசியிருக்கிறார். யாரும் ஏசவில்லையாம். எல்லோருக்கும் பயம்தானாம். பெற்ற மகள், சரியான காலை வைத்து, முழுசாகச் சுற்றி ஆடிவிட்டாள். ஊரே பார்த்தது. உயிர் கிளம்பியாயிற்று. செத்தவர்களுக்கு ஆளுக்கொரு கல் வைக்கிற எங்கள் குலத்தின் கல்வீட்டில் எனக்கும் ஒரு கல் வைத்தால்தான் அது போய் அடங்கும். வைக்காவிட்டால் அலையும். அலைந்தால் ஆடினவளைத்தான் பிடிக்கும். அதனால் வைத்தும்விட்டார்களாம்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது மருதா" என்றான்.

"யாரு வச்சாங்க?"

"அய்யந்தான். ஆத்துல எறங்கி அவரே பாத்து எடுத்தாந்தாரு."

"அப்ப நான் வரக் கூடாதா?"

"செத்தவங்க எப்படி வருவாங்க?" என்றான். போனை வைக்கவில்லை. அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்குக் காய்ச்சல்கூட இல்லை. நாளைக்கு ஒன்றரை ஷிப்ட் பார்க்கப் போகிறேன். எந்தச் செத்தவள் பிசிர் வெட்டுகிறாள்? சும்மா ஒரு கல்லு. நான் படிச்சவ. இதையெல்லாம் நம்பறவளா நான்? அய்யா, எப்படி உங்க கை வந்துச்சு?

27.10.2008

தீபாவளி. அனு வெடி வேண்டாம் என்றாள்.

11.1.2009, ஞாயிறு

பொன்னாத்தாள் வாசலிலேயே நின்று பேசினார். "பையனுக்குப் பொண்ணு பாக்கறமுங் கண்ணு. பொண்ணூட்டுக்காரங்க வந்துபோவாங்க. உங்களச் சொல்லலைங்க, நீங்க தங்கமான சனம். தையி பொறந்ததும் வேற ஊடு பாத்துக்கறீங்களா சாமி?" அத்தனை மரியாதை. ஒரு சத்தம் உயரவில்லை. அவர் ஏசியிருந்தாலாவது நானும் நாலு கேட்டிருப்பேன்.

இவர் முதலிபாளையத்தில் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு தகர வீடு பார்த்திருக்கிறார். அங்கே யாரும் டிவி பார்ப்பதில்லையாம், எல்லாம் இந்திக்காரப் பையன்களாம்.

8.3.2009

ராபின் வந்தான். அனு கதவைத் திறக்கவில்லை. "எக்கா, நான் தெரியாமச் செஞ்சுட்டேன்" என்றான். தெரியும் தம்பி என்றேன். அவனுக்கு எப்படித் தெரியும், நான்தான் வாயைத் திறக்கவில்லையே.

3.5.2009, ஞாயிறு

பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து அனு ஒரே பிடிவாதம், மாமா ஊருக்குப் போக வேண்டும் என்று. அண்ணனைக் கேட்டேன். "பாப்பா வரலாம், அவ நம்ம பிள்ள" என்றான். என்னைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பல்லடம் பஸ் ஸ்டாண்டில் அவன் கையில் பிடித்துக் கொடுத்தேன். பஸ் கிளம்பும்போது அனு கையாட்டினாள். அண்ணன் என்னை நேராகப் பார்க்கவில்லை.

17.5.2009, ஞாயிறு

அனு வந்துவிட்டாள். கறுத்து, மெலிந்து, முழங்காலில் சிராய்ப்போடு. எங்கள் பேச்சில் நாலு வார்த்தை பேசுகிறாள், எனக்கே மறந்துபோன வார்த்தை. தலை வாரிவிடும்போது ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆற்றில் குளித்தாளாம். மாமா பையனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாதாம். பதியில் யாரும் அவளை ஆடச் சொல்லவில்லையாம்.

"அம்மா, உங்க கல்லப் பாத்தேன்."

சீப்பை நிறுத்தவில்லை நான்.

"சின்னதுதாம்மா, வழவழன்னு இருக்கு. தாத்தா டெய்லியும் போறாரு. ஒருநா என்னையும் கூட்டிட்டுப் போனாரு. உங்கம்மாவுக்கு இப்ப என்ன புடிக்கும்னு எங்கிட்டக் கேட்டாரு. சின்னதுல புடிச்சதுதான் அவருக்குத் தெரியுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"டீன்னு சொன்னேன். அப்பறம் தாத்தா ரோட்டுக் கடை வரைக்கும் நடந்துபோயி வாங்கிட்டு வந்து ஊத்துனாரு. சக்கரை கம்மியாப் போடச் சொல்லணும்னு நான் சொல்ல மறந்துட்டேம்மா."

பரவாயில்லை கண்ணு என்றேன்.